குளிகையில் மாட்டிய கார்டு

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான் அது வருகிறது. முதல் வளைவில் இல்லை, இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் கீபோர்டின் இடப்பக்க அம்புக்குறியை அழுத்தி, சிவப்புக் காரின் மூக்கு பாறையை விட்டு விலகி, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே சமயத்தில் விரியும்போது, இமைப்பொழுதுக்கும் குறைவான நேரம் மலை நின்றுவிடுகிறது. மரங்கள் நிற்கின்றன, கார் நிற்கிறது, இன்ஜின் சத்தம் மட்டும் நிற்பதில்லை. பிறகு எல்லாம் விட்ட இடத்தைப் பிடிக்க ஒரு தாவு தாவுகிறது. அந்தத் தாவலில் நான் தடுப்புச் சுவரில் உரசிவிடுகிறேன். சாப்பிட்ட பிறகு உட்கார்ந்ததிலிருந்து இது பதினோராவது முறை. "இப்ப பாத்தீங்களா, நின்னுச்சுல்லா?" என்று கேட்கிறேன். என் கணவர் தெய்வசிகாமணி ஹாலில் செய்தித்தாளை விரித்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தவர், கையில் ஒரு பிடியோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். "எங்க நின்னுச்சு? நல்லாத்தான போகுது. மூலையில தொண்ணூறுன்னு நம்பர் போட்டிருக்கும்லா, அப்புறம் என்ன?" என்று சொல்லி, என் உள்ளங்கையில் நாலு பருப்பை வைத்துவிட்டுப் போகிறார். தொண்ணூறு என்பது ஒரு நொடிக்கு எத்தனை படம் திரையில் விழுகிறது என்ற கணக்கு. கம்ப்யூட்டருக்குள் படம் வரைவது கிராபிக்ஸ் கார்டு, பழைய கார்டில் நாற்பத்தைந்து விழுந்தது. புதியதில் நூறைத் தாண்டும் என்று விற்றவர் சொன்னார், தாண்டவில்லை என்று போன் செய்தால் பெட்டிக்குப் பெட்டி முன்னப்பின்ன இருக்கும் மேடம் என்கிறார். இருக்கலாம். ஆனால் அந்த நம்பர் ஒரு சராசரி. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை வைத்து, கடைசி பெஞ்சில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது. மலை நிற்பது எனக்குத் தெரிகிறது, வேறு யாருக்கும் தெரியவில்லை. ஆகவே இரண்டில் ஒன்று. கோளாறு கார்டில் இருக்க வேண்டும், அல்லது என் கண்ணில் இருக்க வேண்டும். கார்டில் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கடலைத் தோல் உடையும் சத்தம் ஒரே சீராகக் கேட்கிறது. டக், டக், டக். அதில் தடங்கல் இல்லை, காது நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன், பிறகு காதைப் பற்றி யார் கேட்டார்கள் என்றும் நினைத்துக்கொள்கிறேன். பத்தொன்பது வருடமாகக் கோவில்பட்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, வேறொன்றைப் போட்டு, இது தெளிவா இதுவா என்று கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அதுதான் இந்த வேலையில் உள்ள ஒரே ரகசியம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. அப்படித்தான் இரண்டு நாளாக இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியையும் பார்த்து வருகிறேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன், சூடு குறைந்தது, மலை நின்றது. தகட்டை மாட்டினேன். திரைக்குப் போகும் கேபிளை மாற்றினேன், மலை நின்றது. பழைய கேபிளையே திரும்பப் போட்டேன். நிழல்களைக் குறைத்தேன், தூரத்து மூடுபனியை எடுத்தேன், மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பை நிறுத்தினேன். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர், டிரைவர் என்ற சொல் காதில் விழுந்தால் சும்மா இருக்க மாட்டார். "டிரைவரை மாத்துனியே, சரியாச்சா?" "இல்லங்க." "அப்ப கண்டக்டரை மாத்திப் பாரு." நேற்று இரண்டு தரம் சொல்லிவிட்டார், இன்று காலையில் பால்காரரிடமும் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துவிட்டேன். மாற்றாமல் மிச்சம் இருப்பது பார்க்கிறவள் மட்டும்தான். போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்து வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. எடுத்துப் பார்ப்பதும் இதே கண்தானே.

அப்பா கணக்கு வாத்தியார். ஒரு நாள் நோட்டுத் திருத்திக்கொண்டே, "இந்தக் கம்பெனிக்காரன் கோடு கோணலா போட்டிருக்கான் பாரு" என்று நோட்டை என் பக்கம் நீட்டினார். கோடு நேராகத்தான் இருந்தது. நேராத்தான் இருக்கு என்று சொன்னேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒரு வருடம் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. விழித்திரையின் நடுவில் கோளாறு, முதலிலேயே வந்திருந்தால் நிறுத்தி வைத்திருக்கலாம் என்று மதுரை டாக்டர் சொன்னபோது, அப்பாவுக்கு எதிரில் இருப்பவர் முகம் மட்டும் தெரியாது, காதுகள் தெரியும். அதனால்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், உண்மை அது இல்லை, வேலை காலியாக இருந்தது. ஆனால் நேர்க்கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அது நேராகத்தான் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளும் பழக்கம் அப்போது வந்தது. போன செவ்வாய்க்கிழமை கடையில் ஒரு லென்ஸை எடுத்தேன். ஒவ்வொரு லென்ஸின் சின்னக் கைப்பிடியிலும் அதன் பவரைப் பொடி எழுத்தில் வெட்டியிருப்பார்கள். அந்த எண் ஆடியது. ஐந்தா ஆறா என்று தெரியாமல் கரைந்து, திரும்பக் கூடி, திரும்ப ஆடியது. லென்ஸைப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு யாரோ மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அன்று மதியம் கடை காலியாக இருந்தபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் உள்ள எழுத்துகளைப் படித்தேன். கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வந்தது. பிறகுதான் உறைத்தது, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாலும் நான் அந்தக் கடைசி வரியைச் சொல்வேன். படித்தது கண்ணா, மனப்பாடமா? எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு தாள் தொங்குகிறது, கோடு வளைகிறதா என்று பார்க்கச் சொல்லும் தாள். அன்றிலிருந்து அதைத் தாண்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டே தாண்டுகிறேன். கண் டாக்டர் எங்கள் கடை மாடியில்தான் இருக்கிறார், பதினேழு படி. ஏறவில்லை. வெள்ளிக்கிழமை கார்டு வந்தது, மாட்டினேன், மலை நின்றது.

பன்னிரண்டாவது முறை. நின்றது, தாவியது, உரசியது. சரி, கண்ணை விடு, கார்டை நினை, ஆரம்பத்திலிருந்து நினை. வெள்ளிக்கிழமை கார்டு வரும்போதே ஒன்பதே முக்கால். அதற்காகவே விடுப்பு போட்டிருந்தேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுப்போன பெட்டி இது, முதலில் தூசி துடைக்க மட்டும் பக்கத்தில் போனேன், பிறகு என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன், இரண்டு வருடத்தில் எனக்கு ஒரு மலையும் ஒரு சிவப்புக் காரும் சொந்தமாகிவிட்டன. தரையில் ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாது. அட்டையைப் பிரித்தால் கார்டு செங்கல் கனம் இருந்தது. பழைய கார்டைக் கழற்ற வேண்டும், அதைப் பிடித்திருக்கும் கொக்கி உள்ளே எங்கேயோ இருக்கிறது, என் விரல் போகவில்லை. அவர் டிப்போவுக்குக் கிளம்பி யூனிபார்மோடு நின்று காலண்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை நேரத்துக்கு எடுக்க வைப்பது அவர் தொழில், என்னை எடுக்க வைப்பதா பெரிய காரியம். "செம்பகம், பத்தரைக்கு ராகு காலம் பிறந்துரும். அதுக்குள்ள ஒரு தடவ லைட் எரிஞ்சுட்டாப் போதும். அப்புறம் நீ சாவகாசமா என்ன வேணா பண்ணிக்க." "கொக்கி வர மாட்டேங்குதுங்க." "கீழ இன்னொரு இடம் சும்மாத்தான இருக்கு, அதுல சொருகு. எடு எடு, டைம் ஆச்சு." கீழே அதே நீளத்தில் இன்னொரு ஸ்லாட் இருந்தது. சொருகினேன். பத்து இருபத்தேழுக்கு விசிறிகள் சுற்றி நீல விளக்கு எரிந்தது. அவர் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். மதியம் மரக்கரண்டிக் காம்பால் கொக்கியை அழுத்திப் பழைய கார்டை எடுத்துவிட்டேன், மேல் ஸ்லாட் காலியானது. புதியதை அங்கே ஏற்றலாமா என்று நினைத்தேன், போனில் அவரிடம் கேட்கவும் செய்தேன். "நல்ல நேரத்துல வச்சத ஏன் அசைக்கிற?" என்றார். அசைக்கவில்லை. அப்படியானால் ஆரம்பத்திலிருந்து நான் மாற்றாமல் விட்டது ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேனே, அது பொய். மேலா கீழா. இது தெளிவா, இதுவா? அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

மேசை இழுப்பறையில் மதர்போர்டோடு வந்த சின்னப் புத்தகம் இருக்கிறது. மகள் அதன் பின் அட்டையில் யாருடைய போன் நம்பரையோ எழுதி இதயம் வரைந்திருக்கிறாள், அதைப் பற்றி இன்னொரு நாள் யோசிப்போம். பதினான்காம் பக்கத்தில் படம். மேல் ஸ்லாட்டுக்கு நேரே பதினாறு என்று போட்டிருக்கிறது. கீழ் ஸ்லாட்டுக்கு நேரே நான்கு என்று போட்டிருக்கிறது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே நீளம், உள்ளே ஒன்றில் பதினாறு தடம், மற்றதில் நான்கு தடம். மெதுவாக, ஒரு சொல் விடாமல் மூன்று தரம் படிக்கிறேன். புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படிக்கிறேன். பெட்டிக்கும் கார்டுக்கும் நடுவில் தகவல் ஓடும் தடங்கள் அவை. ஆளில்லாத பாறைப் பக்கத்தில் நான்கு தடம் போதும். மூன்றாவது வளைவில் பள்ளத்தாக்கின் ஆயிரம் மரங்களும் ஒன்றாகக் கிளம்பி வரும்போது, நான்கு தடத்தில் முட்டி மோதி ஒரு கணம் எல்லாம் நின்றுபோகும், வழி கிடைத்ததும் தாவும். அப்படித்தான் இருக்க வேண்டும், அப்படி இருந்தால் நான் பார்த்தது உண்மையில் நடந்தது, நடந்ததைத்தான் என் கண் பார்த்தது. இன்னும் தெரியாது, மாற்றிப் பார்க்காமல் தெரியாது, சந்தோஷப்படாதே. "ஏங்க, கார்டைக் கழட்டி மேல மாட்டப் போறேன்." கடலைச் சத்தம் நின்றது. "இப்பவா? மணி என்ன?" "ரெண்டு ஐம்பது." "ஞாயித்துக்கிழம மூணுல இருந்து நாலரை குளிகை. குளிகையில எது செஞ்சாலும் திரும்பத் திரும்ப நடக்கும். கழட்டுனா கழட்டிக்கிட்டே இருப்ப." "அப்ப மாட்டுனா?" அவர் யோசித்தார். எந்த வண்டியை எந்தத் தடத்தில் விடலாம் என்று யோசிக்கும் அதே முகம். "மாட்டுறது நல்லதுதான். நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். ஒண்ணு பண்ணு. கழட்டுறத மூணுக்குள்ள கழட்டிரு. மாட்டுறத மூணுக்கு மேல மாட்டு." "நடுவுல?" "நடுவுல கையில வச்சுட்டு நில்லு."

பிளக்கைப் பிடுங்கி, தகட்டைக் கழற்றி, இரண்டு திருகுகளை எடுத்துக் கடலைத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பெட்டிக்கு மேல் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். கீழ் ஸ்லாட்டின் கொக்கி கையால் தொட்டதும் விட்டுவிட்டது. கார்டு வெளியே வந்தபோது இரண்டு ஐம்பத்தெட்டு. குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுத் துண்டு எங்கே என்று தேடுகிறவள் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன். இரண்டு நிமிடம் நீளமானது. மாற்றியும் மலை நின்றால்? அப்போது மிச்சம் ஒன்றுதான், பதினேழு படி ஏற வேண்டியதுதான். ஏறியபின் கடையில் யார் பவர் பார்ப்பார்கள், நான் கல்லாவில் உட்கார்வேனா, முகம் தெரியாத ஆட்களுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டு. கார்டின் விசிறி இறக்கைகளை எண்ணினேன், பதினொன்று, திரும்ப எண்ணினேன், பதினொன்று. "என்ன முனங்குற?" "எண்ணுறேன்." "மூணு ஆயிட்டு. மாட்டு." மேல் ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன், கொக்கி தானே சொடுக்கிப் பிடித்துக்கொண்டது. திருகு, கேபிள், தகடு, பிளக். நீல விளக்கு. சிவப்புக் கார் அடிவாரத்தில் காத்திருந்தது. முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவதுக்கு முன்னால் என்னை அறியாமல் தோளை இறுக்கிக்கொண்டேன். பாறை விலகியது, பள்ளத்தாக்கு திறந்தது. நிற்கவில்லை. ஆயிரம் மரங்களும் தண்ணீர் ஊற்றினாற்போல் வழிந்து வந்தன, நான் ஒரு நாளும் கவனிக்காத ஒரு சின்ன வெள்ளை வீடு அவற்றுக்கு நடுவில் இருந்தது, அதன் புகைபோக்கியில் புகை இருந்தது, கார் சுவரைத் தொடாமல் நான்காவது வளைவுக்குள் போய்விட்டது. "ஏ, நூத்தி முப்பத்தெட்டு!" என்று அவர் மூலையைப் பார்த்துக் கத்தினார். "குளிகைன்னா சும்மாவா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அதோடு வேறொன்றும் வந்தது. இயந்திரம் தப்பு செய்தது, யாருக்கும் தெரியாத தப்பு, அதை என் கண் இரண்டு நாளாக விடாமல் சொல்லியிருக்கிறது. அவ்வளவு நம்பிக்கையான சாட்சியை நான் சந்தேகப்பட்டேன். ஆனால் செவ்வாய்க்கிழமை? லென்ஸில் ஆடிய எண்ணைப் பற்றிக் கார்டு ஒன்றும் சொல்லாது. இந்த மலையும் எனக்கு மனப்பாடம். மலையை மூடினேன். இதுவரை போகாத சாலை ஒன்று பட்டியலில் இருந்தது, ஏரிக்கரைச் சாலை, பழைய கார்டு தாங்காது என்று தொடாமல் வைத்திருந்தது. அதில் காரை விட்டேன். இரண்டு திருப்பம் தாண்டி நீளமாக ஒரு இரும்புப் பாலம். பாலத்தின் நடுவில் காரை நிறுத்தினேன். "ஏன் நிப்பாட்டுற?" என்றார். "என்னங்க, செவ்வாக்கிழம கடையில ஒரு நம்பர் எனக்கு ஆடுச்சு. அப்பாவுக்கு வந்த மாதிரின்னு பயந்துக்கிட்டு இருக்கேன்." அவர் கடலை இருந்த கையை மெதுவாகச் சட்டைப் பையில் விட்டு வெறுங்கையை எடுத்தார். "செவ்வா. இன்னைக்கு ஞாயிறு" என்றார். "அஞ்சு நாளா நானும் இந்த வீட்டுலதான இருந்தேன், சொல்லலியே." "ஆமா." "சரி. என்ன செய்யணும், சொல்லு." இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். பாலத்தின் கைப்பிடிக் கம்பி திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. அவசரப்படாமல் பார்த்தேன். நேராக இருந்தது. "கம்பி எங்கயாவது வளையுதா?" "இல்ல. நேராத்தான் இருக்கு" என்றார் அவர், கம்பியின்மேல் விரலை வைத்துக் கடைசி வரை ஓட்டி. வலது கண்ணை மூடினேன். நேராக இருந்தது. நடுவில் பள்ளம் இல்லை, கலங்கல் இல்லை, ஒவ்வொரு தூணும் தன் இடத்தில் நின்றது. திரும்ப இடது, திரும்ப வலது. நேர், நேர். பாலத்தின் முடிவில் ஒரு சின்னப் பலகையில் ஏதோ தூரம் எழுதியிருந்தது. அது ஆடியது. எட்டா, மூன்றா? செவ்வாய்க்கிழமை ஆடிய அதே ஆட்டம். "அது எட்டுதான?" என்றேன். அவர் திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார். "மூணு." இன்னொரு முறை பார்க்கலாம் என்று நாற்காலியில் பின்னால் சாய்ந்தேன். மூன்று. தெளிவாக, கறுப்பாக, அசையாமல் மூன்று. முன்னால் வந்தேன், கரைந்தது. நாற்காலியை ஒரு முழம் தரையில் உரசிப் பின்னால் தள்ளினேன், மூன்று. தினமும் நாலு பேருக்காவது சொல்கிறேனே, பேப்பரைத் தள்ளிப் பிடித்தால்தான் தெரியுதா, ஒண்ணுமில்ல சார், சாளேசுவரம், நாப்பது வயசு தாண்டுனா எல்லாருக்கும் வர்றதுதான் என்று. விழித்திரை வரை போய்ப் பயந்தவளுக்கு வாசல்படி தெரியவில்லை. எந்த லென்ஸ் என்பதுகூடத் தெரிந்துவிட்டது, பெட்டியில் மூன்றாவது வரிசை, இடமிருந்து நான்காவது. நாளைக்கு மாடியில் போய் விழித்திரையையும் ஒரு முறை காட்டிவிடுவேன், இப்போது பதினேழு படி பெரிய ஏற்றமாகத் தோன்றவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். "என்ன, சொல்லேன், கண்ணுல என்ன கோளாறு?" என்று அவர் என் முகத்தையே பார்த்தார். "கோளாறு இல்லங்க. வயசு நாப்பத்தஞ்சு" என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார். "நாப்பத்தாறு" என்று திருத்தினார். "தையிலயே முடிஞ்சுட்டு." நான் காரை எடுத்தேன்.